அச்சேற்றியவர் எங்கே? தமிழ் இதழ்களின் ஆசிரியர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் ஒரு கார்ட்டூனிஸ்டின் திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், வார இதழ்களின் ஆசிரியர்களுக்கும் உரிமையாளர்களுக்கும்,

கடந்த மாதம் ஒரு வார இதழின் நிர்வாகப் பிரிவிலிருந்து எனக்கு ஓர் உறுதிமொழிப் படிவம் வந்தது. நான் வரையும் கார்ட்டூன்களால் வழக்கோ, இழப்பீட்டுக் கோரிக்கையோ, போராட்டமோ எழுந்தால் அதற்கு நானே முழுப் பொறுப்பு என்றும், ஆசிரியரும் வெளியீட்டாளரும் எவ்வகையிலும் பொறுப்பாக மாட்டார்கள் என்றும், நிர்வாகத்துக்கு ஏற்படும் செலவை ஈடுகட்ட நான் கடமைப்பட்டவன் என்றும் அதில் எழுதியிருந்தது. அதை முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, ஆதார் நகலோடு அனுப்பிய பிறகே அடுத்த படத்தை வாங்குவோம் என்றார்கள். நான் அனுப்பவில்லை. விசாரித்துப் பார்த்ததில், வேறு சில இடங்களிலும் ஓவியர்களிடம் இதே போன்ற தாள் நீட்டப்படுவது தெரியவந்தது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் கண்முன் நிற்க, சிலர் கையெழுத்திட்டுக் கொடுத்தும் விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாளை நீட்டுபவர்களோடுதான் எனக்கு வழக்கு.

ஒரு கார்ட்டூன் எப்படி அச்சுக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தப் படிவத்தை எழுதிய வழக்குரைஞருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். பிற்பகல் ஆசிரியர் குழுக் கூட்டம் முடிந்ததும் அன்றைய முக்கியச் செய்திகள் என்னவென்று எனக்குத் தகவல் வரும். நான் பென்சிலில் இரண்டு மூன்று ரஃப் போட்டு, கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவேன். அவற்றில் ஒன்றைச் செய்தி ஆசிரியர் தேர்ந்தெடுப்பார். 'மூக்கைக் கொஞ்சம் குறையுங்கள்', 'இந்த வசனம் நீளம்', 'கட்சிக்கொடி வேண்டாம்' என்று திருத்தங்கள் வரும். மை போட்டு முடித்த படத்தை ஸ்கேன் செய்து அனுப்பினால் அதை வடிவமைப்பாளர் பக்கத்தில் பொருத்துவார், துணை ஆசிரியர் வசனத்தில் பிழை பார்ப்பார், பக்கப் பொறுப்பாளர் கையெழுத்திடுவார். இத்தனை பேரின் கண்ணையும் கையையும் கடந்துதான் அது அச்சு எந்திரத்துக்குப் போகிறது. தேர்வு, திருத்தம், ஒப்புதல் ஆகிய மூன்றும் உங்கள் அதிகாரத்தில் நடக்கின்றன. படத்துக்குப் பாராட்டு வந்தால் 'நம்ம பத்திரிகை கார்ட்டூன்' என்கிறீர்கள். எதிர்ப்பு வந்த அடுத்த நொடியே அது ஓவியரின் தனிப்பட்ட சரக்காகிவிடுகிறது.

இதை நான் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு தென்மாவட்டங்களில் விற்பனையாகும் ஒரு நாளிதழுக்கு வரைந்துகொண்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் ரயில்வே சுரங்கப்பாதைகள் நிரம்பி, நகரத்தின் ஒரு பாதி மறுபாதிக்குப் போக முடியாமல் கிடந்தது. அதே வாரத்தில் ஒரு தலைவரின் பிறந்தநாளுக்காகச் சாலை முழுவதும் ஃப்ளெக்ஸ் பேனர்கள் நின்றன. நான் வரைந்தது இதுதான்: சுரங்கப்பாதையில் கழுத்தளவுத் தண்ணீர், மூன்று பேர் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரைப் படுக்கவைத்துத் தெப்பமாக்கி அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், பேனரில் தலைவர் கும்பிட்டபடி சிரிக்கிறார், மூவரில் ஒருவர் சொல்கிறார், "தலைவர் நம்மளைத் தாங்குவார்னு சொன்னப்போ யாருமே நம்பலையே!" அந்தத் தலைவருக்குக் குறிப்பிட்ட எவருடைய சாயலும் கிடையாது. பேனரில் வழக்கமாகக் காணும் ஒரு முகம், ஒரு மீசை, தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். துண்டுக்கு நான் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூச்சு மட்டும் கொடுத்திருந்தேன்.

படம் ஞாயிற்றுக்கிழமைப் பதிப்புக்குத் தள்ளிப்போனது. ஞாயிறு என்றால் வண்ணப் பக்கம். கறுப்பு வெள்ளைப் படம் பக்கத்தில் சோபிக்காது என்று யாரோ நினைத்து, பக்கம் போடும் இடத்திலேயே அதற்கு வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். தண்ணீருக்குப் பழுப்பு, சட்டைக்கு வெள்ளை. துண்டுக்கு அடுத்தடுத்து இரண்டு நிறங்கள். தென்மாவட்டங்களில் இரண்டு நிறங்களைச் சேர்த்து ஒரு துண்டில் பூசினால் அது யாரைக் குறிக்கும் என்பது தெருவில் விளையாடும் சிறுவனுக்கும் தெரியும். யாரையும் குறிக்காத ஒரு தலைவர் ஒரே இரவில் ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் தலைவரானார். வண்ணம் தீட்டிய கோப்பு எனக்குக் காட்டப்படவில்லை. காட்டியிருந்தால் அந்தத் துண்டை நானே வெளுத்திருப்பேன்.

ஞாயிறு மாலை பேருந்து நிலையத்தில் நாளிதழ்க் கட்டுகள் கொளுத்தப்பட்டன. திங்களன்று ஏஜென்டுகளின் கடைகளுக்கு மிரட்டல் வந்தது. செவ்வாய்க்கிழமை முதல் பக்கத்தில் கட்டம் கட்டி 'வருந்துகிறோம்' என்ற அறிவிப்பு வெளியானது. ஓவியரின் கவனக்குறைவால் இது நேர்ந்துவிட்டது என்றும், இனி அவருடைய படங்கள் இந்நாளிதழில் இடம்பெறமாட்டா என்றும் அதில் இருந்தது. அதை நான் டீக்கடையில் நின்று படித்துத் தெரிந்துகொண்டேன். அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை. வந்த அழைப்புகள் எல்லாம் வேறு ஆட்களுடையவை. என் எண் எப்படிக் கிடைத்தது என்று ஓர் அழைப்பாளரிடம் கேட்டபோது, 'உங்க ஆபீஸ்லதான் குடுத்தாங்க' என்று சாதாரணமாகச் சொன்னார். மனைவியையும் மகளையும் வெளியூரில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த ஆய்வாளர் நான் நாளிதழின் ஊழியரா என்று உறுதிசெய்ய அலுவலகத்தை அழைத்தார். 'அவர் எங்க ஸ்டாஃப் இல்ல சார், வெளியாள்' என்ற பதிலை ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன். பல ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் வரைந்தவனுக்குக் கிடைத்த பணிச் சான்றிதழ் அது.

போராடியவர்கள்மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை. அச்சில் வந்த படத்தைத்தான் அவர்கள் பார்த்தார்கள். அதில் அவர்களுக்குத் தெரிந்த நிறங்கள் இருந்தன. கட்டுகளைக் கொளுத்தியதையும் ஏஜென்டுகளை மிரட்டியதையும் நான் ஏற்கவில்லை, ஆனால் கோபம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. எனக்குப் புரியாதது உங்கள் மௌனம். வண்ணத்தை அலுவலகத்தில் நாங்கள்தான் சேர்த்தோம் என்ற ஒரு வரியை அந்த அறிவிப்பில் சேர்த்திருந்தால் போராட்டமும் அடங்கியிருக்கும், என் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றிருக்கவும் மாட்டார்கள்.

இதே தமிழ்நாட்டில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1987 மார்ச் மாத இறுதியில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்குப் படம் வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேட்கப்படும் கேள்விக்கு, ஜேப்படிக்காரரையும் முகமூடிக் கொள்ளைக்காரரையும் அடையாளமாகச் சொல்லும் பதில். சட்டமன்றம் கொதித்தது; உரிமை மீறல் என்றது. மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குப் பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் ஏப்ரல் 4ஆம் தேதி மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே விடுதலை செய்தார்கள். பிறகு அவர் உயர் நீதிமன்றம் சென்று, தன் கைது செல்லாது என்ற தீர்ப்பையும் அடையாள இழப்பீடாக ஆயிரம் ரூபாயையும் பெற்றார். இந்தக் கதையைப் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய எல்லா மேடைகளிலும் நீங்கள் சொல்வீர்கள். நானும் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். அதில் நீங்கள் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. துணுக்கை எழுதியவரையோ படத்தை வரைந்தவரையோ அந்த ஆசிரியர் காட்டிக்கொடுக்கவில்லை. சிறைக்குப் போனவர் அச்சேற்றியவர்.

அவர் செய்தது வீரம் என்பது ஒருபுறம் இருக்க, சட்டமும் அதையே எதிர்பார்த்தது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டம், நாளிதழில் வெளியாகும் விஷயங்களின் தேர்வைக் கட்டுப்படுத்துபவரே ஆசிரியர் என்று வரையறுத்தது. அவருடைய பெயர் ஒவ்வொரு பிரதியிலும் இருக்க வேண்டும் என்றது. கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில், அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர் என்று ஒரு வரி ஓடுகிறதே, அது அலங்காரத்துக்காக வைத்த வரி அன்று. அதற்குப் பதிலாக 2023இல் இயற்றப்பட்டு 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் ஆசிரியர் என்பவரின் வேலை மாறிவிடவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே இது தெளிவாக இருந்தது. தமிழில் அரசியல் கேலிச்சித்திரங்களை முதன்முதலாகத் தொடர்ந்து வெளியிட்ட பாரதியின் 'இந்தியா' இதழ்மீது 1908இல் அரசு பாய்ந்தபோது, பதிவேட்டில் ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த எம். சீனிவாசன்தான் கைதாகித் தண்டிக்கப்பட்டார். அந்தத் தண்டனை நியாயமானது என்று நான் சொல்லவரவில்லை. எழுதியவர் ஒருவராக இருக்கப் பெயர் கொடுத்தவர் உள்ளே போனது கொடுமைதான். ஆனால் அடக்குமுறை அரசுக்கே தெரிந்திருந்த பொறுப்பின் முகவரியை, இன்று ஒரு முத்திரைத்தாளைக் கொண்டு ஓவியரின் வீட்டுக்கு மாற்ற முயல்கிறீர்கள்.

இன்னொரு சட்டத்தையும் நினைவூட்ட வேண்டும். உழைக்கும் பத்திரிகையாளர்களுக்காக 1955இல் இயற்றப்பட்ட சட்டம், பத்திரிகையாளர் யார் என்று வரையறுக்கும்போது ஆசிரியர், துணை ஆசிரியர், நிருபர், புகைப்படக்காரர், மெய்ப்புத் திருத்துபவர் ஆகியோரோடு கார்ட்டூனிஸ்டையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. நாடாளுமன்றம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பத்திரிகையாளர் என்று ஏற்றுக்கொண்ட ஒருவரை, படத்துக்கு இவ்வளவு என்று வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காவல் நிலையத்திலிருந்து கேட்டால் 'வெளியாள்' என்கிறீர்கள். பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்ததைப் பற்றிப் பேச நான் இங்கே வரவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் இந்த மடல் முடியாது.

இந்த நோய் தமிழ் இதழ்களுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2019 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸின் பன்னாட்டுப் பதிப்பில், இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகுவை வழிகாட்டி நாயாகவும் டிரம்ப்பைப் பார்வையற்றவராகவும் சித்திரித்த ஒரு படம் வந்தது. லிஸ்பனில் வெளியாகும் ஒரு வார இதழுக்காகப் போர்த்துகீசிய ஓவியர் அன்டோனியோ வரைந்ததை, விநியோக நிறுவனத்திடமிருந்து நியூயார்க் டைம்ஸின் ஆசிரியர் ஒருவர் எடுத்துப் போட்டிருந்தார். யூத வெறுப்பு என்று பலத்த கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனத்துக்குக் காரணம் இருந்தது என்பதே என் கருத்தும்கூட. நாளிதழ் மன்னிப்புக் கேட்டது. அதோடு நின்றிருந்தால் சரி. ஜூன் மாதத்தில், பன்னாட்டுப் பதிப்பில் அன்றாட அரசியல் கார்ட்டூன்களையே நிறுத்திவிடுகிறோம் என்று அறிவித்தார்கள். அந்தப் படத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத பாட்ரிக் ஷப்பாத், ஹெங் ஆகிய இரு ஓவியர்களும் தங்கள் இடத்தை இழந்தார்கள். தேர்வில் நடந்த தவறுக்குத் தேர்ந்தெடுக்கும் முறையைச் செப்பனிடாமல், வரைபவர்களை வெளியே அனுப்பிய விசித்திரத் தீர்வு அது. அதைப் படித்தபோது எனக்கு என் 'வருந்துகிறோம்' கட்டம் நினைவுக்கு வந்தது.

இந்தியாவில் நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவையே. 2018இல் கார்ட்டூனிஸ்ட் சதீஷ் ஆச்சார்யாவுக்கும் மெயில் டுடே நாளிதழுக்கும் ஒரு கார்ட்டூனை முன்னிட்டு ஏற்பட்ட பிணக்கில் அவருடைய பத்தி முடிவுக்கு வந்தது. 2021 ஜூனில் கார்ட்டூனிஸ்ட் மஞ்சுலின் ட்விட்டர் கணக்கு குறித்து அரசுத் தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்த செய்தி வெளியான சில நாட்களில், அவர் வரைந்துவந்த நெட்வொர்க் 18 ஊடக நிறுவனம் அவரை இடைநிறுத்தியது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததைப் பற்றி வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலாவை நவம்பர் 5ஆம் தேதி சென்னையில் அவருடைய வீட்டிலிருந்தே நெல்லைக் காவல்துறை அழைத்துச் சென்றது. மறுநாள்தான் நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தது. அவர் தன் சொந்த இணையப் பக்கத்தில் வரைந்தவர், முன்னால் வந்து நிற்க ஆசிரியர் என்று ஒருவர் அவருக்கு இல்லை. ஆசிரியர் இருந்தும் இல்லாதவர்களாக நாங்கள் ஆகிவருகிறோம் என்பதுதான் என் முறையீடு.

உங்கள் தரப்பு நியாயங்களை நான் அறியாதவன் அல்லன். கட்டுகள் எரிந்தால் நட்டம் உங்களுக்கு. அரசு விளம்பரம் நின்றால் சம்பளம் போடுவது சிரமம். அலுவலக வாசலில் கல் விழுந்தால் அடிபடுவது வரவேற்பில் இருக்கும் பெண்ணும் காவலாளியும். இவற்றை முன்னிட்டு ஒரு படத்தை ரஃப் நிலையிலேயே நீங்கள் நிராகரித்தால் நான் முணுமுணுத்துவிட்டு வேறொன்று வரைந்து தருவேன். நிராகரிக்கும் உரிமை உங்களுடையது, அதை நான் ஒருபோதும் கேள்வி கேட்டதில்லை. இளைத்தவனை எள்ளும் படத்தை, சாதியாலோ உடற்குறையாலோ ஒருவரைத் தாழ்த்தும் படத்தைத் தடுப்பது உங்கள் கடமையும்கூட. சில நேரங்களில் அதை நீங்கள் இன்னும் கறாராகச் செய்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அச்சாகும்வரை உங்கள் கையில் இருந்த அதிகாரம், அச்சான பிறகு என் தலையில் பொறுப்பாக இறங்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

எதிர்ப்பு எவ்வளவு பெரிதாக எழுந்தாலும் கண்ணியமான வழி உண்டு. 2012இல் என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருந்த, அரசியலமைப்பு நத்தை வேகத்தில் நகர்வதாகச் சங்கர் 1949இல் வரைந்த கார்ட்டூன், அம்பேத்கரை அவமதிக்கிறது என்று நாடாளுமன்றத்தில் புயல் கிளம்பியது. அடுத்து, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிய ஆர்.கே. லட்சுமணனின் கார்ட்டூன் பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருந்ததற்கு நம் மாநிலத்திலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. அம்பேத்கர் நத்தைமேல் அமர்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையோடு நிற்பதைப் பார்த்துப் புண்பட்டவர்களின் வலி பொய்யன்று. அந்தச் சர்ச்சையில் பாடநூல் குழுவின் ஆலோசகர்களான சுகாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் செய்தது என்ன? படத்தை நீக்கும் அரசின் முடிவை ஏற்காமல், தங்கள் பொறுப்பிலிருந்து விலகினார்கள். புனேயில் பல்ஷிகரின் அறை சூறையாடப்பட்ட பிறகும் அவர் பழியைச் சங்கர்மீது போடவில்லை. 2019இல் கேரள லலிதகலா அகாதெமி ஒரு பிஷப்பைப் பற்றிய கார்ட்டூனுக்கு விருது கொடுத்து, தேவாலயத் தரப்பிலிருந்தும் மாநில அமைச்சரிடமிருந்தும் எதிர்ப்பைச் சந்தித்தபோது, நடுவர்கள் தேர்ந்தெடுத்த விருதைத் திரும்பப் பெற மாட்டோம் என்று உறுதியாக நின்றது. முந்தையது பொறுப்பை விட்டு விலகியவர்களின் முறை என்றால் பிந்தையது பொறுப்பில் இருந்தபடியே உறுதியாக நின்றவர்களின் முறை. இரண்டிலும் ஓவியர் தெருவில் தனியாக விடப்படவில்லை.

அண்மைக் காலத்திலும் நம்மிடையே முன்னுதாரணம் உண்டு. 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதைப் பற்றி, டிரம்ப்பின் அருகே விலங்கோடு அமர்ந்திருக்கும் பிரதமரை வரைந்த கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கார்ட்டூன் உள்ள பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கினால் முடக்கத்தை விலக்க வேண்டும் என்று மார்ச் 6ஆம் தேதி நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு படத்துக்காக ஒரு முழுத் தளத்தையே இருட்டடித்தது எவ்வளவு பெரிய அத்துமீறல் என்பது தனிக் கதை. நான் கவனித்தது, வழக்கில் நின்றது நிறுவனம் என்பதை. நிறுவனத்தால் நிற்க முடியும். நிறுவனத்துக்கு வழக்குரைஞர் உண்டு, கணக்கில் பணம் உண்டு, ஒரு நாள் செய்தியாகிவிட்டால் ஆதரவுக் குரல்களும் உண்டு. வவுச்சரில் சம்பளம் வாங்குபவனுக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது.

அந்த ஃப்ளெக்ஸ் படத்துக்குப் பிறகு என் கை எப்படி மாறியிருக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதன் விளைவைத்தான் தினமும் அச்சிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது நான் வரையும் அரசியல்வாதிகளின் தோளில் துண்டு இருப்பதில்லை. நெற்றி வெறுமையாக இருக்கிறது. கையில் மணிக்கட்டுக் கயிறு வரைவதில்லை. மீசையை முறுக்குவதில்லை, தொங்கவிடுவதும் இல்லை. கூட்டத்தை வரைந்தால் எல்லாரையும் முதுகு காட்டி நிற்கவைக்கிறேன். வசனத்தில் ஊர்ப்பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறேன். மிஞ்சுவது, வெள்ளைச் சட்டை போட்ட, யாரையும் ஒத்திராத, எந்த மாவட்டத்திலும் வாழாத ஒருவர். அவர் எங்கும் இல்லாத ஒரு பள்ளத்தைப் பார்த்து எதுவும் பேசாமல் நிற்கிறார். வாசகர் ஒருவர் அண்மையில் எனக்கு எழுதினார்: 'உங்கள் கார்ட்டூன் இப்போதெல்லாம் வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது.' அவருக்குப் பதில் எழுத என்னிடம் எதுவும் இல்லை. சக ஓவியர்கள் பலரும் இதே நிலையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். கார்ட்டூனை வாசகர்கள் இப்போது ரசிப்பதில்லை என்று காரணம் சொல்லி அந்த இடத்தைச் சில இதழ்கள் விளம்பரத்துக்குக் கொடுத்துவருகின்றன. பல்லைப் பிடுங்கிவிட்டுக் கடிக்கவில்லை என்று குறை சொல்வது நியாயமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

ஓவியர்களிடம் பொறுப்பு மாற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதை எல்லா இதழ்களும் நிறுத்த வேண்டும். இதுவரை வாங்கியவற்றை ரத்து செய்து, அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு கார்ட்டூனைத் தேர்ந்தெடுத்தவர் யார், ஒப்புதல் தந்தவர் யார் என்பது அன்றன்றே மின்னஞ்சலிலோ பதிவேட்டிலோ குறிக்கப்பட வேண்டும். அதைவிட அவசியமானது, ஒப்புதலுக்குப் பிறகு படத்திலோ வசனத்திலோ வண்ணத்திலோ ஒரு புள்ளி மாறினாலும் அச்சுக்குப் போகும் முன் அது ஓவியரின் பார்வைக்கு வர வேண்டும் என்பது. இரவு பதினோரு மணிக்கு அதற்கு நேரம் இல்லை என்பீர்கள். வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்ப அரை நிமிடம் போதும். நேரமே இல்லாவிட்டால் மாற்றாமல் போடுங்கள்.

எதிர்ப்பு எழுந்து, வருத்தம் தெரிவிப்பதே சரி என்று முடிவெடுத்தால், அது ஆசிரியரின் பெயரில் வரட்டும். அச்சாகும் முன் ஓவியரை அழைத்துப் பேசுங்கள். அவர் மாறுபட்டால் அவருடைய விளக்கத்துக்கும் அதே பக்கத்தில் சில வரி இடம் கொடுங்கள். எந்தச் சூழலிலும் ஓவியரின் தொலைபேசி எண்ணும் முகவரியும் அலுவலகத்திலிருந்து வெளியே போகக் கூடாது. வழக்கு வந்தால் சட்டச் செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும். தொடர்ந்து வரைபவர்களுக்கு வவுச்சரை விட்டுவிட்டு ஒப்பந்தமோ நியமன ஆணையோ கொடுக்க வேண்டும். காவல் நிலையத்திலிருந்து கேட்டால் 'எங்கள் கார்ட்டூனிஸ்ட்' என்று சொல்ல வேண்டும்.

பத்திரிகையாளர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிருபர் தாக்கப்பட்டால் மறுநாளே ஆர்ப்பாட்டம் நடத்துகிறீர்கள், நல்லது. கார்ட்டூனிஸ்டுகளை உறுப்பினர்களாகச் சேர்ப்பதற்கு நிரந்தர ஊழியர் என்ற நிபந்தனையை நீக்குங்கள். இந்தப் படிவத்தைப் பற்றி உரிமையாளர்களிடம் உங்கள் பெயரில் கேள்வி எழுப்புங்கள்.

நான் முன்பு வரைந்த அந்த நாளிதழின் ஆசிரியருக்குத் தனியாக ஒன்று: அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு வண்ணம் சேர்க்கப்பட்டது உங்கள் அலுவலகத்தில் என்பதையும், அது ஓவியருக்குத் தெரியாது என்பதையும், 'வருந்துகிறோம்' வந்த அதே முதல் பக்கத்தில், அதே அளவு கட்டத்தில், உங்கள் பெயரோடு வெளியிடுங்கள். என் கையில் இருக்கும் கறுப்பு வெள்ளை மூலப் படத்தை எப்போது கேட்டாலும் சரிபார்ப்பதற்காக அனுப்பிவைக்கிறேன்.